பாரிட் பாலங்களும் லோரி ஸ்டீரிங்கும்

பத்து பாகாட்டுக்கு ரயில் வரவில்லை. 1909-இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்தபோது அது சிகாமட், குளுவாங் வழியாக உள்நாட்டுக்குள் போயிற்று. கடலோரத்தில் இருந்த எங்கள் ஊருக்கு ஆறுதான் வழி. சிம்பாங் கிரியும் சிம்பாங் கானானும் கூடி, பத்து பாகாட் ஆறாகி, மலாக்கா நீரிணையில் கலக்கின்றன. டத்தோ பெந்தாரா லுவார் முகமட் சாலே பின் பெராங் 1890-களில் அமைத்த பண்டார் பெங்காராம் நகரம் அந்த ஆற்றை நம்பியே வளர்ந்தது. தேங்காயும் பாக்கும் ரப்பரும் தொங்காங் படகில் ஏறிப் போயின. சாலை வந்ததும் அந்தச் சுமை லோரிக்கு மாறியது. 1924-இல் ஜொகூர் கடற்பாலம் திறந்த பிறகு, ஆயர் ஹீத்தாம் வழியாகச் சாலையிலேயே சிங்கப்பூர் போய்விடலாம் என்றாயிற்று. ரயில் எட்டாத ஊரில் லோரி நின்றால் வியாபாரம் நிற்கும். லோரிப் பட்டறைத் தொழில் இங்கே வேரூன்றியதற்கு அதுவே காரணம்.

நான் அந்தத் தொழிலில் ஆளானவன். தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்து, ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் சாமான் கழுவும் பையனாகச் சேர்ந்து, போர்மன் ஆனேன். ஸ்டீரிங்கில் ‘டொக்’ என்று விழும் சத்தத்தைத் தேடிப் பிடிக்கும் முறை எங்கள் வட்டாரத்தில் எப்படி உருவானது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அது புத்தகத்திலிருந்து வந்த அறிவு அல்ல. இந்த மண்ணும், இங்கு ஏற்றிய சுமையும், சாமான் கிடைக்காத காலமும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது.

முதலில் மண். மேற்கு ஜொகூர்க் கரையோரம் இளகிய கடற்களிமண். உள்ளே போனால் இலைதழை மக்கிக் கறுத்த சதுப்பு. ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துத்தான் இதை விளைநிலமாக்கினார்கள். அந்த வாய்க்கால்தான் பாரிட். பாரிட் ராஜா, பாரிட் சுலோங், பாரிட் யானி என்று ஊர்களும் அதன் பெயரையே சுமக்கின்றன. பாரிட் உள்ள இடமெல்லாம் பாலம். பாலம் ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் நிற்பதால் அசையாது. அதை வந்து தொடும் சாலையோ களிமண்ணின் மேல் கிடக்கிறது. வருடா வருடம் கொஞ்சம் அமிழும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி விழும். தார் போட்டுச் சமன் செய்வார்கள், மறுபடி அமிழும். பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இந்த இளகிய மண்ணை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறது. அவர்கள் கருவி வைத்து அளப்பதை லோரியின் முன் அச்சு ஒவ்வொரு பாலத்திலும் அடியாக வாங்குகிறது. டயர் வாங்கிய அடி, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்குப் போகும். அங்கிருந்து, சக்கரத்தைத் திருப்பும் டை ராட், டிராக் லிங்க் மூட்டுகளுக்கு. கடைசியில் ஸ்டீரிங் பெட்டிக்கு.

அடுத்தது, சாமான் கிடைக்காத காலத்தைக் கொண்டுவந்த போர். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மூவாரிலிருந்து இறங்கியபோது பாரிட் சுலோங் பாலம் அவர்கள் கையில் இருந்தது. பின்வாங்கி வந்த ஆஸ்திரேலிய, இந்தியப் படையினரின் லோரிகள் பாலத்தைக் கடக்க முடியாமல் நின்றன. 22-ஆம் தேதி, நடக்கக்கூடியவர்கள் சதுப்புக்குள் புகுந்து தப்ப, லோரிகளோடு விடப்பட்ட காயம்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய 150 பேர். அந்தக் குற்றத்துக்காக ஜப்பானியத் தளபதி ஜெனரல் நிஷிமுரா 1951-இல் தூக்கிலிடப்பட்டார். பாரிட் சுலோங் படுகொலை நடந்த சில நாட்களில், பத்து பாகாட்டிலிருந்து தெற்கே கிளம்பிய பிரிட்டிஷ் படையைச் செங்காராங்கில் ஜப்பானியர் மறித்தார்கள். பீரங்கிகளையும் வண்டிகளையும் பயன்படாதபடி உடைத்துப் போட்டுவிட்டு பிரிட்டிஷ் படையினர் கடற்கரைக்குப் போனார்கள். டிராகன்ஃபிளை, ஸ்கார்ப்பியன் என்ற சிறு போர்க்கப்பல்கள் ஏறத்தாழ 2,700 பேரைச் சில இரவுகளில் ஏற்றிச் சென்றன. பாரிட் சுலோங் பாலத்தில் லோரி ஏறும்போதெல்லாம் அந்தக் காயம்பட்டவர்கள் என் நினைவில் வருவார்கள்.

போர் முடிந்ததும் படையின் உபரி வண்டிகள் சந்தைக்கு வந்தன. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர்கள் அந்த ஃபோர்டு, செவர்லே சட்டங்களில்தான் தாங்கள் கை பழகியதாகச் சொல்வார்கள். பலகை அடித்துப் புதுப் பெட்டி கட்டினால் லோரி தயார். சாமான்தான் கிடைக்காது. தேய்ந்த கிங் பின்னுக்குப் பட்டறையிலேயே வெண்கலப் புஷ் கடைந்து, அழுத்தி இறக்கி, ரீமர் விட்டு, பின் கையழுத்தத்தில் நுழையும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு புஷ்ஷுக்கு அத்தனை உழைப்பு என்றால், தேயாததைக் கழற்றி வீணாக்க யாருக்கு மனம் வரும்? சத்தம் எங்கே என்று உறுதிப்படுத்தாமல் ஸ்பானரைத் தொடக்கூடாது என்ற விதி அப்படித்தான் வந்தது.

பிறகு பெட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் லோரியின் காலம். 1960 வாக்கில் வெளிவந்த டி.கே. வண்டியை மலாயாச் சாலைகளில் பார்க்காத நாளில்லை. என்ஜின் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டிகளே அதிகம் என்பதால், முன் அச்சில் நடப்பதெல்லாம் டிரைவரின் உள்ளங்கைக்கு வந்துவிடும். நல்ல டிரைவர் வண்டியோடு பாதிப் பதிலையும் கொண்டுவருவார்.

“அண்ணே, ஸ்டீரிங்கில டொக்குன்னு அடிக்குது.”

“எப்ப அடிக்குது? பாலம் ஏறும்போதா, பிரேக் போடும்போதா?”

“நின்னுக்கிட்டே திருப்பினாக்கூட அடிக்குது.”

“லோடோடவா, காலியாவா?”

“ரெண்டுலயும்தான்.”

இந்தக் கேள்விகளின் வரிசையில்தான் வித்தை இருக்கிறது. வண்டி நிற்கும்போது திருப்பினாலே சத்தம் வந்தால், ஸ்பிரிங்கை ஒதுக்கிவிட்டு, ஸ்டீரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட், பெட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள், டிராப் ஆர்ம், டிராக் லிங்க் என்று மேலிருந்து கீழே வர வேண்டும். பிரேக் போடும்போது மட்டும் ஒரே ஒரு ‘கடக்’ விழுந்தால், யூ போல்ட் தளர்ந்தோ சென்டர் போல்ட் அறுந்தோ அச்சு ஸ்பிரிங்கின் மேல் நகர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பள்ளத்தில் மட்டும் லொடலொடத்தால் ஷேக்கிள் பின், ஷாக் அப்சார்பர் புஷ்.

அடுத்து கை வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்ட வேண்டும். முழுக்கத் திருப்பக் கூடாது. இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் அங்கேதான் தேய்மானம். காது ஏமாற்றும்; இரும்புச் சட்டம் சத்தத்தை எங்கேயோ கொண்டுபோய் ஒலிக்கவைக்கும். விரல் ஏமாற்றாது.

பிறகு அச்சை ஜாக்கியில் தூக்கி, கட்டை வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கரத்தின் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டும்போது தளர்ந்தால் டை ராட் எண்ட். இந்தச் சோதனைக்கு மீட்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். பொறுமையான இரண்டு பேர் போதும்.

கிரீஸ் அடிப்பதிலும் இதே கவனம் வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது அடித்தால், பாரம் அழுத்தும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. அச்சைத் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டு அடிக்க வேண்டும். பாரிட் ஓரச் சேற்றில் ஓடும் லோரிக்கு இது கட்டாயம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஆட்டத்தை மறைக்க ஸ்டீரிங் பெட்டியின் திருகை இறுக்குவது அதில் முதலாவது. பெட்டி நடுவில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், முழுக்கத் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். திருப்பிய சக்கரம் தானாக நேராகாது. அடுத்தது, டிராப் ஆர்மிலோ மூட்டுகளிலோ வெல்டிங் வைப்பது. ஒட்டு தெறித்தால் டிரைவர் கையில் வட்டம் மட்டும் மிஞ்சும், சக்கரம் தன் வழியில் போகும். எதிரே மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம் வந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் எங்கள் தவுக்கே அந்த வேலையைத் தொடவே விடமாட்டார்.

ஜப்பானிய வண்டிகளின் வரவில் இந்த ஊருக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. பாரிட் சுலோங் பக்கத்து ஸ்ரீ மேடானில் 1920-களிலேயே ஜப்பானியரான இஷிஹாரா ஹிரோஇச்சிரோ இரும்புச் சுரங்கம் நடத்தினார். அந்தத் தாது கப்பலேறி யவாத்தா உருக்காலைக்குப் போயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, 1970-களில், ஹினோவும் இசுசுவும் ஃபூசோவும் ஜப்பானிலிருந்து இங்கே வந்து பெட்ஃபோர்டின் இடத்தைப் பிடித்தன. 1986-இல் பிரிட்டனில் பெட்ஃபோர்டு லோரி உற்பத்தியை ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. பவர் ஸ்டீரிங் பரவியது. டிரைவரின் தோள்வலி தீர்ந்தது. அது பெரிய நன்மை. ஆனால் எண்ணெய் அழுத்தம் நடுவில் நின்று சின்ன அதிர்வுகளை விழுங்கிவிடுவதால், உள்ளங்கைக்கு முன்பு வந்த செய்தி இப்போது தாமதமாக வருகிறது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்த பிறகு, செம்பனைக் குலை ஏற்றிப் பாரிட் பாலங்களில் குலுங்கும் அதே முன் அச்சு, யோங் பெங்கில் ஏறி நெடுஞ்சாலை வேகத்திலும் ஓடுகிறது. மூட்டில் உள்ள சின்ன ஆட்டம் அந்த வேகத்தில் சக்கர நடுக்கமாகிவிடும்.

அதே 1994-இல் புஸ்பாகோம் என்ற வண்டிச் சோதனை நிறுவனம் வந்தது. வர்த்தக வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும் என்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு சோதனைகளுக்கு நடுவே லோரியைக் காப்பது பட்டறையின் விரல்தான். இன்று சாமான் எளிதாகக் கிடைக்கிறது. அதனால் சத்தம் கேட்டதும் டை ராட் எண்டை மாற்று, நிற்காவிட்டால் டிராக் லிங்கை மாற்று, அதற்கும் நிற்காவிட்டால் பெட்டியை மாற்று என்று ஊகத்தில் போகிறார்கள். காசு போகிறது, தேய்ந்த கிங் பின் அப்படியே ஓடுகிறது.

பயிற்சிக் கூடங்களுக்கு என் வேண்டுகோள் இது. ஓடி முடித்த ஒரு லோரியின் முன் அச்சை வாங்கி வையுங்கள். ஒரு வாரம் கிங் பின்னைத் தேய்ந்ததாகப் போடுங்கள், மறுவாரம் ஒரு பந்துமூட்டை, அதற்கடுத்த வாரம் ஒரு யூ போல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். மாணவர் ஸ்பானர் இல்லாமல், கேள்வியாலும் விரலாலும் அதைக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிறகு மட்டும் கருவிப் பெட்டியைத் திறந்து விடுங்கள்.