பழவேற்காட்டு ஏரியில் 'பாடு': ஒரு சொல்லுக்குள் அடங்கிய சட்டம்

திருப்பதி என்ற பெயர் மலையை நினைவூட்டும்; ஏரியை நினைவூட்டுவதில்லை. ஆயினும் 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சூளூர்பேட்டைக்கும் தடாவுக்கும் அப்பால், இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. தமிழில் அது பழவேற்காட்டு ஏரி. தெலுங்கு வழக்கில் அதற்குப் பிரளய காவேரி என்றொரு பெயரும் உண்டு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில் உள்ளது. அதற்கு வரும் நன்னீரும் சித்தூர்ப் பக்கத்து மலைகளின் கொடையே. பிச்சாட்டூர் வழியாக வரும் ஆரணியாறு தெற்கில் கலக்கிறது. காளங்கி மேற்கிலிருந்து சேர்கிறது. சந்திரகிரிப் பக்கம் தோன்றித் திருப்பதியையும் திருக்காளத்தியையும் கடந்து வரும் பொன்முகலியின் நீரில் ஒரு பங்கு வடகோடியை அடைகிறது.

இந்த ஏரியைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் துணியின் வரலாறு. டச்சுக்காரர் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியது சோழமண்டலக் கரையின் துணிகளுக்காகவே. கோட்டை, கப்பல், கணக்கேடு, கல்லறை ஆகியவை ஆய்வாளர்களின் கண்ணில் எளிதில் படுபவை. ஏரியில் வலை கட்டி வாழ்ந்தோர் அத்தகைய ஏடுகளை எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லை விட்டுச் சென்றுள்ளனர். அச்சொல் 'பாடு'. அதை ஓர் ஆவணமாகப் படித்தால், நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் சட்டம் ஒன்றின் முழு வடிவமும் அதில் தெரியவரும்.

முதலில் அச்சட்டத்திற்குக் காரணமான நீரின் இயல்பைக் காண வேண்டும். ஏரி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. ஆனால் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் படகைத் துடுப்பால் வலிப்பதைவிடக் கோல் ஊன்றித் தள்ளுவதே எளிது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. கடல்நீர் முகத்துவாரங்கள் வழியாகவே உள்ளே வந்து திரும்புகிறது. கடலில் பிறக்கும் இறால் மிகச் சிறு பருவத்தில் ஏரிக்குள் நுழைந்து, உவர்நீரில் வளர்ந்து, இனப்பெருக்கத்திற்காக மீண்டும் கடலுக்குப் புறப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பி முகத்துவாரத்தை அகலப்படுத்தும் மாதங்களே வளமான காலம். கோடையில் நீர் வற்றும், உப்பு ஏறும், வடபகுதி பல ஆண்டுகளில் உலர்ந்த சேற்று வெளியாகிவிடும்.

இறால் போகும் வழியில் கழிகளை நட்டு வலை கட்டுவதே இங்குப் பாட்டு முறையின் அடிப்படைத் தொழில்நுட்பம். படகு மீனவரையும் வலையையும் உரிய இடத்திற்குக் கொண்டு சேர்க்கும். எஞ்சிய வேலையை நீரோட்டம் பார்த்துக்கொள்ளும். ஆகவே திறமையைவிட இடம் முதன்மை பெறுகிறது. முகத்துவாரத்திற்கு அருகே ஓட்டம் மிக்க வாய்க்காலில் வலை கட்டியவருக்கும், ஓட்டமற்ற மூலையில் கட்டியவருக்கும் கிடைப்பது ஒருபோதும் சமமாகாது. நல்ல இடங்கள் சில, வலைகள் பல. முந்தியவருக்கே இடம் என்று விட்டிருந்தால் ஒவ்வொரு மாலையும் சண்டையில் முடிந்திருக்கும்.

இச்சிக்கலுக்குக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் உள்ளிட்ட பட்டணவர் ஊர்கள் கண்ட தீர்வே பாட்டு முறை. ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடங்கள் பாடுகளாக வகுக்கப்பட்டன. ஊரில் 'தலைக்கட்டு' என ஏற்கப்பட்ட ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவற்றில் உரிமை உண்டு. ஆனால் எந்த இடமும் எவருக்கும் நிலையாகச் சொந்தமில்லை. சீட்டுக் குலுக்கல் இடத்தைத் தீர்மானிக்கும். முறை மாறி மாறி வரும். இன்று நல்ல வாய்க்கால் கிடைத்தவர் அடுத்த முறை ஓரத்துக்குப் போவார். ஊர்களுக்கிடையிலும் இதே சுழற்சி உண்டு. தலைக்கட்டுக்குரிய வரியைச் செலுத்துவதும் ஊர்க்கட்டுக்கு உடன்படுவதும் உரிமையின் மறுபக்கம். நிலவுடைமையில் கேட்கப்படும் கேள்வி 'எவருடையது' என்பது. பாட்டில் கேட்கப்படுவது 'இன்று எவர் முறை' என்பது.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'படு' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த தொழிற்பெயர் 'பாடு'. கெடு என்பது கேடு ஆவதும், சுடு என்பது சூடு ஆவதும், பெறு என்பது பேறு ஆவதும் இவ்வகையே. இலக்கணம் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்னும். 'படு' என்பதற்கு விழு, அகப்படு, நேர், துன்புறு, மறை எனப் பல பொருள்கள் உண்டு. ஞாயிறு படுகிறது, மீன் வலையில் படுகிறது, மனிதர் துன்பம் படுகிறார். நெய்தல் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுதான 'எற்பாடு' என்பதிலும் இதே பாடுதான் இருக்கிறது. இன்றும் கடற்கரைத் தமிழில் கிடைத்த மீனின் அளவை 'மீன்பாடு' என்றே சொல்கின்றனர். உழைப்பைக் குறிக்கும் 'பாடுபடு' என்பதில் அதே வேர் இருமுறை வருகிறது.

ஆக, வலை கட்டும் இடம், அங்கே கட்டுவதற்கு வரும் முறை, அதில் விழும் மீன், அதற்காகப் படும் உழைப்பு ஆகிய நான்கையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. இவற்றைத் தனித்தனியே பிரித்து, இடத்தை மட்டும் ஒருவர் உரிமையாக்கிக்கொள்ளும் எண்ணத்திற்கு அச்சொல்லில் இடமில்லை. 'படு' என்பது தன்வினை என்பதும் கருதத்தக்கது. பாடு என்பது ஒருவர் எடுத்துக்கொள்வது அன்று. அவருக்கு வந்து விழுவது. சீட்டுக் குலுக்கலை முறையாகக் கொண்ட ஒரு சமூகத்துக்கு இதனினும் பொருத்தமான சொல் அமைவது அரிது.

ஏரியின் இரு கரைகளிலும் மொழி ஒன்றையொன்று ஊடுருவியே வழங்குகிறது. கிருஷ்ணா தொடங்கித் தஞ்சை வரையுள்ள கரையோர மீனவர்களைப் பட்டணவர் என்ற தலைப்பின்கீழ் எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவுசெய்தார். ஆந்திரக் கரையில் இன்று பட்டபு எனப்படும் மீனவர்கள் தமிழோடு நெருங்கிய உறவுடைய ஒரு வழக்கை வீட்டில் பேசுகின்றனர்; பள்ளியிலும் அலுவலகத்திலும் தெலுங்கு. தமிழின் 'பாடுபடு' தெலுங்கில் 'பாட்டுபடு' என்ற வடிவில் அதே பொருளில் வழங்குகிறது. ஆனால் தெலுங்கில் 'பாடு' என்றால் பாழ், சிதைவு. ஒரு கரையில் உரிமையைக் குறிக்கும் ஒலி மறுகரை மொழியில் அழிவைக் குறிப்பது தற்செயலே. எனினும், ஏரியின் அண்மைக்கால நிலையைப் பார்ப்போர் அதைக் கவனிக்காமல் போவது கடினம்.

இச்சொல் பழவேற்காட்டோடு நின்றுவிடவில்லை. இலங்கையில் மன்னார், புத்தளம் கரைகளில் கரைவலை இழுக்கும் இடம் 'பாடு'. நீர்கொழும்புக் களப்பில் கட்டுதெல் எனப்படும் ஊன்றுவலை இடங்களை நான்கு மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கிப் பகிர்கின்றன; அவ்வழக்கத்தை 1958இல் அரசே ஒழுங்குவிதிகளாக ஏற்றது. கொச்சிக் காயலிலும் ஊன்றுவலைகளுக்குப் பாட்டு முறை உண்டு. லோப், பெர்க்கிஸ் ஆகியோர் 2004இல் அதனை ஆராய்ந்தனர். மூன்று நாடு-மொழிச் சூழல்கள், ஒரே வகை வலை, ஒரே சிக்கல், ஒரே சொல்.

இதே சென்னை மாகாணத்தில் மீன்பிடிக்கு வேறொரு சட்டமும் இருந்தது. நீலகிரி நீர்நிலைகளில் ஆங்கிலேயர் அயல்நாட்டு டிரௌட் மீனைக் கொண்டுவந்து பழக்க முயன்றனர். அத்தகைய மீன்களையும் வேட்டை விலங்குகளையும் காக்க 1879இல் தனிச்சட்டம் இயற்றினர். அங்கே பிடிக்கக் கூடாத காலத்தை அரசு அறிவிக்கும். தூண்டில் பிடிப்பவர் விதிக்கு உட்பட்டுத் தம் பொழுதுபோக்கை நடத்துவார். இரண்டுமே பருவம் அறிந்த சட்டங்கள்தாம். ஆனால் ஒன்றில் மீனுக்குரிய காலத்தை அரசு வகுத்தது. மற்றொன்றில் மனிதருக்குரிய முறையை ஊர் வகுத்தது. முன்னது அரசிதழில் அச்சாயிற்று. பின்னது பேச்சு வழக்கில் மட்டுமே வாழ்ந்தது. எழுதப்படாத சட்டம் என்பதால் அது சட்டமே அல்ல என்று அலுவலகங்கள் கொள்வது எளிதாயிற்று.

பாட்டு முறையைப் பொற்காலச் சமத்துவமாகக் காட்டுவதும் பிழையாகும். உள்ளே இருப்போருக்கு அது சமம். வெளியே இருப்போருக்கு அது மதில். தலைக்கட்டு ஆண் உறுப்பினரைக் கணக்கிடும் முறை. பெண்ணுக்குத் தனிப் பாடு இல்லை. ஏரிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளில் வாழ்ந்த யானாதிகளும், கரையோரத் தலித் குடும்பங்களும் குலுக்கலில் சேர்க்கப்படவில்லை. ஏற்றுமதிச் சந்தையில் இறாலின் விலை உயர்ந்தபின் ஏரியை நாடுவோர் பெருகினர்; விலக்கப்பட்டோர் தம் உரிமையைக் கேட்டனர்; மோதல்கள் எழுந்தன. பழவேற்காட்டைப் பற்றிச் சாரா கூல்தர்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பாட்டு உரிமை உடையோரும் அற்றோரும் ஏரியின் நலிவை வெவ்வேறு விதமாக எதிர்கொள்வதைக் காட்டுகிறது. உரிமை இல்லாதோர் வேறு தொழில் தேடுவதும், உரிமை உடையோர் அதைக் கைவிடத் தயங்குவதும் ஒரே வழக்கத்தின் இரு விளைவுகள்.

அரசு எல்லைகள் இந்நீரின்மீது பின்னர் வரையப்பட்டவை. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. நிலத்தில் கல் நட்டு எல்லை காட்டலாம். ஏரியில் மீன் தெற்கிலிருந்து வடக்கே போகும். படகு அதன்பின் போகும். அங்கே எந்த மாநிலத்து மீனவர் என்ற வினா எழும். இரு மாநில மீனவருக்கிடையே வலை பறிப்பும் படகுச் சிறைபிடிப்பும் நடப்பதன் பின்னணி இதுவே. 1971இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. ஏவுதளத்துக்குச் சூளூர்பேட்டையிலிருந்து செல்லும் சாலை ஏரியின் வடபகுதியைக் குறுக்காகக் கடக்கிறது; யானாதிகள் தீவின் காட்டை இழந்தனர். வடக்கே இராயதொருவு, கொண்டூர்பாளையம் முகத்துவாரங்கள் மணலால் தூர்ந்தன. கடல்நீர் வராவிட்டால் இறால் குஞ்சும் வராது. பாட்டு முறை எதைப் பங்கிட்டதோ அதுவே குறைந்துகொண்டு வருகிறது.

ஆகவே பாட்டு முறையைக் காப்பதா, ஒழிப்பதா என்று மட்டும் கேட்பது போதாது. முறை வைத்துப் பகிர்தல் என்ற கருத்து இரு மாநில மீனவருக்கும், இதுவரை விலக்கப்பட்டோருக்கும் விரிவடைய முடியுமா என்பதே வரலாறு முன்வைக்கும் வினா. நீர்கொழும்பில் அரசு ஒரு வாய்மொழி வழக்கத்தைக் கேட்டு விதியாக எழுதியது. பழவேற்காட்டில் ஆந்திர, தமிழ்நாட்டு மீன்வளத் துறைகள் ஒரே மேசையில் அமர்ந்து அவ்வாறு எழுத முற்பட்டால், இருளர்களும் யானாதிகளும் தலித் மீனவரும் பெண்களும் அம்மேசையில் இருக்க வேண்டும். முகத்துவாரங்களைத் தூர்வாரும் பொறுப்பு எவருடையது என்பதும் அதே விதியில் இடம்பெற வேண்டும். பிச்சாட்டூரில் திறக்கும் மதகும் பழவேற்காட்டில் கட்டும் வலையும் ஒரே நீரைச் சார்ந்தவை. ஏரிக்கு நீர் வரும் வரையில்தான் எவருக்கும் முறை வரும்.