ஸ்கூடாயிலிருந்து ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: டிக்கெட் போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கொரியாவா, ஜப்பானா, ஜெர்மனியா? ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது யு.டி.எம்.-மில் படிக்கும் பலருக்கு, பரிமாற்ற செமஸ்டர் என்றதும் முதலில் வரும் கேள்வி இதுதான்.

ஆனால் உங்க பட்டப்படிப்பு குறித்த நேரத்தில் முடியுமா என்பதை முடிவு செய்வது நாடு இல்லை. அங்கே எடுக்கும் பாடங்கள் இங்கே ஏற்கப்படுமா என்பதுதான். ஒரே ஒரு பாடம் ஏற்கப்படாமல் போனாலும், பட்டமளிப்பு ஒரு செமஸ்டர் தள்ளிப் போகலாம். அதைத் தவிர்ப்பது எப்படி?

பரிமாற்ற செமஸ்டர் என்றால் என்ன?

இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மாணவர்களை மாற்றி அனுப்பும் ஏற்பாடு இது. நீங்க தொடர்ந்து யு.டி.எம். மாணவர்தான். பொதுவாகக் கல்விக் கட்டணத்தை இங்கேயே கட்டுவீங்க. அங்கே கல்விக் கட்டணம் கேட்க மாட்டார்கள். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, விசா எல்லாம் உங்க செலவு.

ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு நீங்களாகவே போனால் கணக்கு மாறிவிடும். அங்கே முழுக் கட்டணமும் கட்ட வேண்டி வரலாம். அதனால் யு.டி.எம். இண்டர்நேஷனல் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது, "என் துறைக்கு எந்தெந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது?" என்பதுதான்.

'3 கிரெடிட்' எல்லா ஊரிலும் ஒன்றா?

இல்லை. நிறைய பேர் தடுமாறும் இடம் இதுதான்.

மலேசியாவில் 1 கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, சொந்தப் படிப்பு, அசைன்மெண்ட், தேர்வு எல்லாம் அதற்குள் அடங்கும். அப்படியென்றால் 3 கிரெடிட் பாடம் 120 மணி நேரம்.

ஐரோப்பாவில் ஈ.சி.டி.எஸ். என்ற முறை. அதில் 1 கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம்தான். அங்கே 3 கிரெடிட் எடுத்தால் 75 முதல் 90 மணி நேரமே ஆகும். இங்குள்ள 3 கிரெடிட்டுக்கு அது போதாது, 5 ஈ.சி.டி.எஸ். பாடம்தான் கிட்டத்தட்ட சமம். ஐரோப்பாவில் ஒரு முழு செமஸ்டர் 30 கிரெடிட். மணிக்கணக்கில் பார்த்தால் அது இங்கே சுமார் 19 முதல் 22 கிரெடிட்டுக்கு ஈடாகும்.

மணி நேரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பொறியியல் மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பொறியியல் அங்கீகாரத்துக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானது. அந்த அங்கீகாரம் உள்ள படிப்பில் முக்கியப் பாடங்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. விருப்பப் பாடங்களையும் பொதுப் பாடங்களையும் வெளிநாட்டுக்கு ஒதுக்கி வைப்பது பாதுகாப்பான வழி.

புறப்படுவதற்கு முன் கல்வி ஆலோசகரிடமும் ஃபேக்கல்டியிடமும் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க:

• எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு?
• அங்கே வாங்கும் கிரேடு சி.ஜி.பி.ஏ.-வில் சேருமா, அல்லது கிரெடிட் மட்டும்தானா?
• அங்கே போன பிறகு பாடம் ரத்தானால் மாற்றுப் பாடம் எது?

மூன்றாவது கேள்வியைச் சும்மா விட்டுவிடாதீங்க. முதல் வாரத்திலேயே வகுப்பு நேரம் மோதுவதும், பாடம் நிரம்பிவிடுவதும் சகஜம். கையில் இரண்டு மாற்றுப் பாடங்களாவது இருக்கட்டும்.

காலண்டர் பொருந்துமா?

அண்மைய ஆண்டுகளில் யு.டி.எம்.-மின் முதல் செமஸ்டர் அக்டோபரிலும் இரண்டாவது மார்ச்சிலும் தொடங்குகின்றன. இதை வைத்துப் பாருங்க:

• சிங்கப்பூர்: ஆகஸ்ட், ஜனவரி. ஆகஸ்ட் செமஸ்டர் டிசம்பரில் முடிவதால் பொருந்தும். ஜனவரியில் போனால் இங்கே முதல் செமஸ்டர் இன்னும் முடிந்திருக்காது.
• தென் கொரியா: மார்ச், செப்டம்பர். இரண்டுமே ஓரளவு பொருந்தும்.
• ஜப்பான்: ஏப்ரல், செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர். பொருந்தும்.
• ஜெர்மனி: ஏப்ரல், அக்டோபர். அக்டோபர் செமஸ்டரின் தேர்வுகள் மார்ச் வரை இழுக்கலாம், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்க.

இன்னொன்று. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படும். நீங்க வெளிநாட்டில் இருக்கும்போது அது இங்கே நடந்தால், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். அதை முடித்தால்தான் எடுக்க முடிகிற அடுத்த பாடமும் தள்ளிப் போகும்.

பணம் எங்கிருந்து வரும்?

உதவித் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகம்தான் உங்க பெயரைக் கொடுக்க வேண்டும்.

ஜப்பானின் ஜாஸ்ஸோ உதவித்தொகை மாதம் 80,000 யென். அங்குள்ள பல்கலைக்கழகம் பரிந்துரைத்தால் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில், இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே அதற்கான ஏற்பாடு இருக்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவுக்குள் போக ஏ.ஐ.எம்.எஸ். என்ற திட்டம் இருக்கிறது. 2010-இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது.

பி.டி.பி.டி.என். கடனோ உபகாரச் சம்பளமோ வாங்குகிறீங்களா? பரிமாற்றக் காலத்திலும் பணம் வருமா என்று முன்கூட்டியே கேளுங்க. இவை பெரும்பாலும் குறிப்பிட்ட படிப்புக் காலத்துக்குத்தான் கணக்கிடப்படுகின்றன. படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால், அந்தச் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழும்.

விசா தேவையில்லை என்று நினைத்துவிடாதீங்க

மலேசியக் கடப்பிதழுக்குப் பல நாடுகளில் சுற்றுலா விசா வேண்டாம். ஆனால் படிப்பு வேறு. ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் விசா இல்லாமல் தங்கலாம். ஒரு செமஸ்டர் அதைத் தாண்டும். ஜப்பானுக்கு முதலில் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பொதுவாக அங்குள்ள பல்கலைக்கழகமே உங்களுக்காக விண்ணப்பிக்கும். ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். கொரியாவுக்கு டி-2 விசா. பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் சிங்கப்பூருக்கே மாணவர் அனுமதி தேவை.

ஜெர்மனி உங்க கையில் பணம் இருக்கிறதா என்றும் பார்க்கும். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்பது கணக்கு. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, அதாவது 25,000 ரிங்கிட்டுக்கு மேல். அந்தத் தொகையை முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்டலாம். அங்கே போனதும் மாதாமாதம் எடுத்துச் செலவு செய்யலாம். செலவழிக்க உங்க பணம்தான், ஆனால் முன்கூட்டியே மொத்தமாகப் புரட்ட வேண்டும்.

எப்போது தொடங்குவது?

• 12 மாதத்துக்கு முன்: ஒப்பந்தப் பட்டியல், பாட ஒப்பீடு, சி.ஜி.பி.ஏ. தகுதி.
• 8 முதல் 10 மாதத்துக்கு முன்: யு.டி.எம்.-மில் விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு தேவையா என்ற விசாரணை.
• 6 மாதத்துக்கு முன்: உதவித்தொகை, கடப்பிதழ் காலாவதித் தேதி.
• 3 முதல் 4 மாதத்துக்கு முன்: விசா, தங்குமிடம், காப்புறுதி.
• விசா கிடைத்த பிறகு: டிக்கெட்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

"எல்லாரும் போறாங்க" என்று சொன்னால் அம்மா அப்பாவுக்குக் கவலைதான் கூடும். ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்க: மொத்தச் செலவு எவ்வளவு, யார் எவ்வளவு தருகிறார்கள், எந்தப் பாடங்கள் ஏற்கப்படும், படிப்பு எப்போது முடியும். தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்க. அக்டோபரில் கிளம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துவரவில்லை என்றால், செமஸ்டர் விடுமுறையில் நடக்கும் சில வாரக் குறுகிய காலத் திட்டங்களைப் பாருங்க. வெளிநாட்டு அனுபவமும் கிடைக்கும், பட்டமும் தள்ளிப் போகாது. ஒத்துவந்தால், நாளைக்கே ஆலோசகரிடம் நேரம் கேளுங்க. போகும்போது இரண்டு பாடத்திட்டங்களையும் அச்சடித்துக் கையோடு எடுத்துப் போங்க.