எல்லைக்கோடும் பள்ளிக்கணக்கும்: தென்சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் (1920–2022)

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாநகராட்சி நடத்திய பள்ளிகளும், நகரின் தெற்கே புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தின் பெயரில் இயங்கிய சிற்றூர்ப் பள்ளிகளும் ஒரே மாநில அரசின் கீழ் வளர்ந்தவை. எனினும் அவற்றின் வரலாறு வேறு வேறு. உள்ளாட்சியிடம் பள்ளியை நடத்தும் பொறுப்பு இருந்த காலங்களிலும் செலவிடும் உரிமை பெரும்பாலும் அதனிடம் இல்லை என்பதையும், நகர எல்லை நகரும்போதெல்லாம் பள்ளி பின்தங்கியே நகர்ந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: மாநகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியம், கல்வி வரி, மதிய உணவு, நகர எல்லை.

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாறு பெரும்பாலும் முதலமைச்சர்களின் திட்டங்களாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பள்ளிக்கூடத்தின் கூரையை வேய்ந்தவர் யார், ஆசிரியருக்கு ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, அக்கணக்கில் கைவைக்க யாருக்கு உரிமை இருந்தது என்னும் கேள்விகள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. இக்கேள்விகளுக்கு விடை தேடத் தென்சென்னை பொருத்தமான களம். அடையாற்றை ஒட்டியே நகரின் தென்னெல்லை நெடுங்காலம் நின்றது. ஆற்றின் வடபுறம் மயிலாப்பூரும் பின்னாளில் உருவான தியாகராய நகரும் மாநகராட்சிக்கு உட்பட்டிருந்தன. தென்புறச் சிற்றூர்கள் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. நடந்து கடக்கக்கூடிய தொலைவுக்குள் இருவேறு பள்ளி நிர்வாகங்கள் இயங்கின.

ஓரணாச் சிற்றுண்டி

1919ஆம் ஆண்டுச் சென்னை நகராட்சிச் சட்டம் மாநகராட்சி மன்றத்திற்குப் புதிய வலிமை தந்தது. அடுத்த ஆண்டு நிறைவேறிய சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி விதித்துத் தனி நிதி ஒன்றைப் பேண வழிவகுத்தது. இவ்விரு சட்டங்களின் பின்னணியில்தான் 1920 செப்டம்பரில் மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர் கொண்டுவந்த தீர்மானத்தை நோக்க வேண்டும். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் வறியவர்கள். அவ்வறுமை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் பாதிக்கிறது. ஆகவே நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்பது அதன் சாரம். அறச்செயலாக அன்றிப் பள்ளியின் செயல்திறனை உயர்த்தும் நிர்வாக நடவடிக்கையாகவே சிற்றுண்டி முன்வைக்கப்பட்டது கருதத்தக்கது.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அவற்றின் மாணவர் எண்ணிக்கை 1922–23இல் 811ஆகவும் 1924–25இல் 1,671ஆகவும் பதிவாகியுள்ளது. ஈராண்டில் இருமடங்கு. இவ்வுயர்வு முழுவதையும் உணவின் பயன் எனக் கொள்வது மிகை. பள்ளிக் கல்வி பொதுவாகவே விரிந்துவந்த காலம் அது. ஆயினும் உணவு நின்றால் பிள்ளைகள் நிற்பார்கள் என்பதை மன்றம் உணர்ந்திருந்தது. அந்த உணவுதான் 1925 ஏப்ரல் 1ஆம் நாள் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசையாததே காரணம். மாநகராட்சியிடம் பள்ளி இருந்தது, வரியும் இருந்தது. ‘கல்வி’ என்னும் தலைப்பின்கீழ் எதை எழுதலாம் என முடிவு செய்யும் உரிமை இல்லை. அதே ஏப்ரல் மாத இறுதியில் தியாகராயர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பு அப்போதுதான் நகரின் தென்மேற்கில் உருவாகிக்கொண்டிருந்தது.

இத்தடையை அக்கால ஆங்கிலேயரின் பொதுவான கொள்கை எனக் கொள்ள இயலாது. இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளுக்குச் சட்டம் அனுமதி தந்துவிட்டது. பவுண்டுக்கு அரைப்பென்னி அளவுக்கு அதற்கென வரி விதிக்கவும் அது இடமளித்தது. அங்குள்ள உள்ளாட்சிக்குக் கிடைத்த உரிமை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும் சென்னை மாநகராட்சிக்குக் கிடைக்கவில்லை. பின்னர் எழுந்த வற்புறுத்தலின் பேரில் திட்டம் புத்துயிர் பெற்று, 25 பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. ஒரு பள்ளிக்குச் சராசரியாக நாற்பது பேர். அனைவருக்குமானது என்ற நிலையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கானது என்ற நிலைக்கு அது சுருங்கிவிட்டதை இவ்வெண்களே காட்டுகின்றன.

ஆற்றுக்கு அப்பால்

நகரெல்லைக்கு வெளியே நிலைமை வேறு. 1884ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கழகச் சட்டத்தின்படி ஜில்லா போர்டு, தாலுகா போர்டு எனும் அடுக்குகள் அமைந்தன. சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பகுதியைத் தாலுகா போர்டுகள் நடத்தின; ஏனையவை உதவி பெறும் தனியார் பள்ளிகளும் சமயப் பரப்புநர் பள்ளிகளும் ஆகும். 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். அப்பகுதியில் அரசோ உள்ளாட்சியோ விட்டுவைத்திருந்த இடைவெளி எத்தகையது என்பதற்கு அது சான்று. 1930களில் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டபின் பள்ளிகள் ஜில்லா போர்டின் கைக்குச் சென்றன. சிற்றூர் மக்களுக்கு ஓரளவு எட்டும் தொலைவில் இருந்த நிர்வாகம் மாவட்டத் தலைமையிடத்துக்கு விலகியது.

இரு நிர்வாகங்களுக்கும் இடையிலான கோடு பிள்ளையின் அன்றாடத்தை எவ்வளவு பாதித்தது என்பதற்கு 1953 தக்க எடுத்துக்காட்டு. இராஜாஜி அரசின் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம் நகராட்சி அல்லாத பகுதிகளில் மட்டும் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பாளர்கள் ‘குலக்கல்வித் திட்டம்’ எனப் பெயரிட்டது அதற்கே. திட்டப்படி சிற்றூர்ப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணிநேரப் படிப்பு. எஞ்சிய பொழுது பெற்றோரின் தொழில். மயிலாப்பூரின் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு இவ்விதி பொருந்தாது. அக்காலத்தில் நகருக்கு வெளியே இருந்த திருவான்மியூர்ப் பிள்ளைக்குப் பொருந்தும். இத்திட்டத்தின் சாதி சார்ந்த விளைவுகள் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன. ஆனால் அதைச் செயற்படுத்துவதற்கு உள்ளாட்சி எல்லையே கருவியாகப் பயன்பட்டது என்பது போதிய கவனம் பெறவில்லை. 1954இல் காமராசர் பொறுப்பேற்றபின் திட்டம் கைவிடப்பட்டது. திட்டத்தைக் கொண்டுவந்தவரும் கைவிட்டவரும் தியாகராய நகர்வாசிகளாகவே அறியப்படுகின்றனர்.

காமராசர் ஆட்சியில் சிற்றூர்ப் பள்ளிகள் கண்ட வளர்ச்சிக்கு உள்ளூர் நன்கொடை ஒரு தூணாயிற்று. 1956இல் மக்கள் பங்களிப்பில் தொடங்கிய மதிய உணவுக்கு அடுத்த ஆண்டு முதல் அரசு நிதி வந்தது. ஓர் உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு ஆறு காசை அரசும் நான்கு காசை ஊராரும் ஏற்றனர். 1925இல் கணக்குத் தலைப்பின் பேரால் மறுக்கப்பட்ட செலவு இப்போது அரசின் கணக்கிலேயே இடம்பெற்றது. நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் முதலாவது, 1958இல் செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் கூடியது. கரும்பலகை, நாற்காலி, கட்டடம் என ஊரார் தந்தவை பள்ளியின் சொத்தாயின. கொடுக்க வசதியுள்ள ஊரின் பள்ளி செழிக்கும், இல்லாத ஊரின் பள்ளி பின்தங்கும் என்னும் குறை இம்முறையில் உள்ளார்ந்து இருந்தது. எனினும் பள்ளி ‘எங்களுடையது’ என்று ஊரார் சொல்லிக்கொண்ட காலம் அதுவே.

1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி 1960–61இல் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றிடம் வந்தன. ஒன்றியத்தின் வருவாய் நிலவரி மீதான மேல்வரியையும் அரசு மானியத்தையும் நம்பியிருந்தது. தியாகராய நகரின் கடைவீதிகள் தரும் சொத்துவரியோடு இதனை ஒப்பிட இயலாது. இருபதாண்டுகளுக்குப் பின், 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஊதியம் முறையாகக் கிடைத்தது; ஒன்றியத் தலைவரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப இடமாற்றப்படும் அச்சமும் நீங்கியது. ஆசிரியர் இயக்கங்கள் இதனை வெற்றியாகக் கொண்டாடியதில் நியாயம் உண்டு. அதேவேளை பள்ளியின் பெயர்ப்பலகையும் கட்டடமும் மட்டுமே ஒன்றியத்திடம் எஞ்சின. மாநகராட்சி ஆசிரியர்களோ தொடர்ந்து மாநகராட்சிப் பணியாளராகவே இருந்தனர்.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணை, தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வியை ஊராட்சிகளுக்குரிய 29 இனங்களுள் ஒன்றாக வைக்கிறது. 74ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 இனங்களில் பள்ளிக் கல்வி தனி இனமாக இல்லை. சட்டத்தின் எழுத்தில் கல்வியைப் பெற்ற ஊராட்சியிடம் ஆசிரியர் இல்லை. பெறாத மாநகராட்சி தன் ஆசிரியரைக் கொண்டு மேல்நிலைப் பள்ளி வரை நடத்துகிறது. ஆயினும் மாநகராட்சியை மக்களாட்சிப் பள்ளி நிர்வாகத்தின் முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது. 1973இல் கலைக்கப்பட்ட மன்றத்துக்கு 1996 வரை தேர்தல் நடைபெறவில்லை. 2016 முதல் 2022 வரையும் அதே நிலை. தியாகராயரின் தீர்மானத்தைப் போன்ற ஒன்றை முன்மொழிய அக்காலங்களில் உறுப்பினரே இல்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர்ப் பள்ளி மாவட்டங்கள் பலவற்றில் வரியும் நிர்வாகமும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே குழுவிடம் இருக்கின்றன. அத்தகைய இணைப்பு தென்சென்னையின் எந்தக் கரையிலும் நீடித்து நிலைபெறவில்லை.

மூன்று எல்லைகள்

1970களின் இறுதியில் திருவான்மியூரும் வேளச்சேரியும் நகருக்குள் வந்தன. 2011 விரிவாக்கத்தில் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் இணைந்து, நகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராயிற்று. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், ஒக்கியம் துரைப்பாக்கம், செம்மஞ்சேரி ஆகியவை அவ்வாறு இணைந்த ஊராட்சிகள். தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சிக்குச் சென்றன; பள்ளிகள் செல்லவில்லை. வருவாய் மாவட்டமும் உடனே மாறவில்லை; சோழிங்கநல்லூர் வட்டம் சென்னை மாவட்டத்துடன் இணைந்தது 2018இல்தான். இடைப்பட்ட ஏழாண்டுகள் ஒரே தெரு மாநகராட்சியையும் காஞ்சிபுரம் மாவட்டத்தையும் சார்ந்திருந்தது. அத்தெருவின் பள்ளிக்கு ‘ஒன்றிய’ப் பெயர் இருந்தது, ஒன்றியத்துக்கோ அங்கே வாக்காளரும் இல்லை, வருவாயும் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனக் கட்டடங்கள் செலுத்திய சொத்துவரி மாநகராட்சியைச் சேர்ந்தது. அவற்றின் நிழலில் இருந்த பள்ளியில் அதனைச் செலவிட வழியில்லை. 1925இன் கணக்குத் தலைப்புச் சிக்கல் இங்கே எல்லைச் சிக்கலாக வடிவம் மாறியிருந்தது.

விரிவாக்கப் பகுதிகளின் 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் ஒப்படைக்கும் முடிவு 2022இல் வந்தது. 281ஆக இருந்த மாநகராட்சிப் பள்ளிகளின் எண்ணிக்கை 420 ஆயிற்று. இம்மாற்றத்தின் பயனைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்க முற்படுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். 2024 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடு, மாநகராட்சிப் பள்ளிகளுடையது ஏறத்தாழ 87 விழுக்காடு. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தனியார், உதவி பெறும் பள்ளிகள் செறிந்திருக்கும் சூழலில், கட்டணம் செலுத்த இயலாதவர் பிள்ளைகளே பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிக்கு வருகின்றனர். அப்பிள்ளைகள் இடம்பெயரும் வேகமும் அவ்வெண்ணில் அடங்கியுள்ளது.

அவ்விடப்பெயர்வு எல்லைக்கோட்டைக் கடந்தே நிகழ்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டன. அதற்கு முன்பே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அவ்வாறு உருவானவை. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011இல் மாநகராட்சிக்குள் வந்தன. அடுத்திருக்கும் பெரும்பாக்கம் 2022 மாற்றத்தின்போதும் புனித தோமையார்மலை ஒன்றியத்தின் ஊராட்சியாகவே நின்றது. நகரின் நடுவே மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளை, வீடு மாறிய வாரத்தில் வேறு மாவட்டத்தின் வேறொரு கல்வி நிர்வாகத்துக்கு உட்பட்டதாயிற்று. அப்பிள்ளைக்காக முன்னர் வாதிடக்கூடிய வார்டு உறுப்பினருக்குப் புதிய பள்ளியின் மீது அதிகாரம் இல்லை. ஆசிரியரை நியமிக்கவோ வகுப்பறை கட்ட வரி விதிக்கவோ பெரும்பாக்கம் ஊராட்சிக்கு உரிமை இல்லை.