செப்புக் காசில் ரோமாபுரி

ரோமானிய நாணயம் சேர்ப்பது பணக்காரர் வேலை என்பார்கள். தங்கத்தைப் பொறுத்தவரை உண்மைதான். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தை உளியால் வெட்டியிருந்தார்கள். நம் பென்ஷனுக்கு அவை எட்டாக்கனி.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த செப்புக் காசுகள் வேறு கதை. கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பல, சட்டைப் பொத்தான் அளவுதான், எழுத்தும் தேய்ந்திருக்கும். எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி இத்தகைய காசுகளைத் தேடிச் சேர்த்து, கரூர், மதுரை காசுகள் பற்றி 1994-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

பிரெஞ்சுப் பள்ளியில் நான் மனப்பாடம் செய்த தெயொதோஸ், அர்காதியுஸ், ஒனோரியுஸ் என்ற பேரரசர்களெல்லாம் இந்தக் காசுகளில் இருக்கிறார்கள்! பொற்காசு வரத்து குறைந்த பின்னும் ரோமோடு நமக்குத் தொடர்பு அறுந்துவிடவில்லை என்பதற்கு இவையே சாட்சி. தேய்மானமும் ஒரு சாட்சிதான்: கைமாறிக் கைமாறிப் புழங்கிய காசுதான் அப்படித் தேயும்.

சேர்க்க விரும்பும் நண்பர்களுக்கு இரண்டு சொல். காசு கிடைத்த ஊரை உறைமேல் எழுதி வையுங்கள். ஊர் தெரியாத காசு பாதி ஊமை. சட்டத்தையும் மறக்காதீர்கள். மண்ணில் கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

வாங்கவே வசதியில்லையா? எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. சாந்தோமிலிருந்து பஸ் செலவுதான்.