சுமையும் சொல்லும்

புதுவை நகரின் வடபாலுள்ள முத்தியால்பேட்டை, பன்னெடுங்காலமாக நெசவாளர் வாழும் பேட்டை. வீட்டுத் தறியில் அமர்ந்து நெய்பவன் வறியவனாயினும் ஒன்றில் செல்வன். களைத்தபோது தறியை நிறுத்த எவரிடமும் அவன் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. புதுவையில் பஞ்சாலைகள் எழுந்தபின் அந்தச் செல்வமும் போயிற்று. ஆலைச் சங்கு ஊதினால் பொழுது விடிந்தது. மேஸ்திரி தலையசைத்தால் பொழுது சாய்ந்தது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் உழைப்பு, கூலியோ சொற்பம், வாய் திறந்தால் வேலை இல்லை.

வேலை நேரக் குறைப்பு, கூலி உயர்வு, சங்கம் அமைக்கும் உரிமை இவற்றைக் கோரித் தோழர் வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர் திரண்டனர். 1936 ஜூலை 30 அன்று, பிற்காலத்தில் சுதேசி மில் எனப் பெயர் பெற்ற சவானா ஆலையில், பிரெஞ்சு அரசின் படையினர் அவர்களைச் சுட்டனர். பன்னிருவர் மாண்டனர். சுப்பையா பாரிசு வரை சென்று வாதாடினார். அங்கே அப்போது லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி ஆட்சி நடந்தது. 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. எட்டு மணி நேர வேலை ஆசியாவிலேயே முதலில் இம்மண்ணில்தான் சட்டமாயிற்று என்று புதுவையார் இன்றும் பெருமையோடு சொல்வர்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சட்டம் நேரத்தை அளந்தது, நாவை அளக்கவில்லை. முதலாளியின் ஏச்சுக்கு எந்தக் கடிகாரமும் இல்லை.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரைத் தாயைச் சொல்லி இழித்துரைத்த வேளையில்தான், பெருமானார் (ஸல்) அவர்கள் பணியாளர் பற்றிய அறிவுரையை வழங்கினார்கள் என்பதை ஹதீஸ் ஓதியோர் அறிவர். பணியாளர் நம் சகோதரர். அவர்க்கு இயலாததைச் சுமத்தலாகாது. சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இழிசொல்லைக் கண்டிக்க வந்த இடத்திலேயே சுமையும் பேசப்பட்டதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே செருக்கின் இரு கைகள். சுமப்பவனைத் தாழ்ந்தவன் என்று எண்ணாத மனம், அவன் முதுகில் அளவுக்கு மீறி ஏற்றாது.

ஏ.எஃப்.டி. ஆலையும் 2020-இல் மூடப்பட்டது. புதுவைப் பஞ்சாலைகளின் சங்கொலி அடங்கிவிட்டது. ஆனால் நம் கடைகளிலோ? காலையில் கதவு திறந்து, இரவு கணக்கு முடிக்கும் வரை நின்றுகொண்டே இருக்கும் பையனை நாம் எப்படி அழைக்கிறோம்? பேர் சொல்லியா, வசை சொல்லியா? அவன் உண்ண அமர்ந்தபோது எத்தனை முறை எழுப்புகிறோம்? பாடம் சொல்லிக் கொடுக்கும் நாமும், உதவி ஆசிரியர்மேல் நம் வேலையை ஏற்றிவிட்டு, தாமதம் என்று கடிந்த நாள்கள் உண்டு.

நம் கடைகளுக்குள் படை வராது, துப்பாக்கி வெடிக்காது. கணக்கு மட்டும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். நாளைக் காலை கடை திறக்கும்போது, அந்தப் பையனுக்கு முதல் ஸலாம் நம்முடையதாக இருக்கட்டும்.