'இழுக்குதில்லை': ஒரு டீசல் முறைப்பாட்டின் வரலாறு

கடுகண்ணாவ ஏற்றத்தில் வான் ஏறிக்கொண்டிருக்கும். திடீரென்று இழுவை குறையும். அக்சிலேற்றரை அடிவரை மிதித்தாலும் வேகம் கூடாது. ஓரமாக நிற்பாட்டி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். அடுத்தநாள் கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் நல்லாத்தான் ஓடும். "வாகனம் இழுக்குதில்லை அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு நாங்கள் முழிச்சுக்கொண்டு நிற்பம்.

ஒரேயடியாக நின்றுபோன எஞ்சினில் பிழை கண்டுபிடிப்பது லேசு. வந்து வந்து போகிற வருத்தம்தான் கஷ்டம். இந்த வருத்தத்துக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் பிழையை எங்கே தேடுவது என்பதும் கொஞ்சம் பிடிபடும்.

ருடோல்ஃப் டீசல் தன் எஞ்சினுக்கான காப்புரிமையை 1893இல் பெற்றார். 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் அது ஒழுங்காக ஓடிக் காட்டியது. எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய 26 வீதத்தை அது வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்களால் அதை நெருங்க முடியவில்லை. இதில் தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கி அழுத்தினால் அது கொதிக்கும். அந்தச் சூட்டுக்குள் எண்ணெயைத் தெளித்தால் தானாகப் பற்றும். எவ்வளவு எண்ணெய் தெளிக்கிறோமோ அவ்வளவு பலம். ஆகவே டீசல் எஞ்சினில் பலம் குறைந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: தெளிக்க வேண்டிய அளவு எண்ணெய் போய்ச் சேருகிறதா?

1898இல் கெம்ப்டன் நகரத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சின் வேலைக்கு இறங்கியது. ஆய்வுகூடத்தில் ஓடியது வாடிக்கையாளரிடம் போனதும் அடம்பிடித்தது. ஆரம்பகால எஞ்சின்கள் பல அடிக்கடி பழுதாகின. எண்ணெயைத் தெளிக்க அழுத்தக் காற்றும் தேவைப்பட்டது. அந்தக் காற்று இயந்திரத்தின் பருமனோடு காருக்குள் இதைப் பொருத்துவதை நினைத்தும் பார்க்க முடியாது.

வழி திறந்தது 1927இல். பொஷ் நிறுவனம் டீசல் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260டி என்ற டீசல் கார் வந்தது. இன்றைய முறைப்பாட்டின் முதல் வடிவமும் இந்தப் பம்போடுதான் பிறந்தது. பம்பின் உள்பாகங்கள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியோடு பொருந்தியிருப்பவை. தூசியோ தண்ணீரோ போனால் சரி, கதை முடிஞ்சுது. அதைத் தடுக்க பில்டர் வைத்தார்கள். அந்தப் பில்டர் அடைத்தால் இழுவை போகும்.

தேத்தண்ணி குடிச்சிட்டு வர வாகனம் சுகமாகிற மர்மத்துக்கும் ஒரு விடை இங்கே இருக்கிறது. டாங்கிக்குள் கிடக்கும் அழுக்கு, ஏற்றத்தில் எண்ணெய் வேகமாக உறிஞ்சப்படும்போது குழாய் வாயில் போய் ஒட்டும். எஞ்சினை நிற்பாட்டினால் உறிஞ்சல் நிற்கும்; அழுக்கு விழுந்துவிடும். டாங்கிக்குக் காற்றுப் போகும் துளை அடைத்தாலும் இப்படித்தான் நடக்கும். மூடியைத் திறக்க 'உஸ்' எண்டு காற்று உள்ளே இழுபட்டால் அதைச் சந்தேகிக்கலாம். குழாய் மூட்டு ஒன்றால் காற்று புகுகிறதா என்று பார்க்க, பழைய மெக்கானிக்குகள் ஒரு துண்டுக் கண்ணாடிக் குழாயை இடையில் பொருத்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

1978இல் மெர்சிடிஸ் டேர்போ பூட்டிய டீசல் காரை விற்கத் தொடங்கியது. பிறகு காற்றும் பிரச்சினைக்குள் வந்தது. டேர்போவின் றப்பர் குழாய் வெடித்திருந்தால் எண்ணெய் போகும், காற்றுப் போதாது. கறுப்புப் புகை தள்ளும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் எண்ணெய் பக்கம் பார்ப்பது புத்தி.

அடுத்த மாற்றம்தான் பெரியது. 1989இன் அவுடி 100 டிடிஐ காரில் எண்ணெயின் அளவை கொம்பியூட்டர் தீர்மானித்தது. 1997இல் அல்ஃபா ரோமியோ 156 காரில் கொமன் றெயில் முறை வந்தது. அழுத்தம் 1,350 பார் வரை. கார் டயருக்கு நாங்கள் அடிக்கிற காற்று ஏறக்குறைய 2 பார்தான். இந்தக் காலத்திலிருந்து எஞ்சினுக்கு மூன்றாவது ஒன்றும் தேவைப்பட்டது: அனுமதி. ஏதாவது ஒரு சென்சர் பிழையான கணக்குச் சொன்னால், எஞ்சினைக் காப்பாற்ற கொம்பியூட்டரே வேண்டுமென்று பலத்தைக் குறைக்கும். நிற்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ண சிலவேளை மறந்துவிடும். அதே தேத்தண்ணி மர்மம், ஆனால் காரணம் வேறு.

ஆகவே இன்று எண்ணெய், காற்று, அனுமதி என்ற மூன்றில் எது கிடைக்கவில்லை என்று பிரித்தறிய வேண்டும். ஸ்கானரைப் பூட்டினால் 'றெயில் அழுத்தம் குறைவு' என்று வரும். அது நோய்க்குறி மட்டும்தான். காரணம் மலிவான பில்டராகவும் இருக்கலாம், விலைகூடிய பம்பாகவும் இருக்கலாம். கோட்டைப் பார்த்தவுடனே பம்பை மாற்றுவது காய்ச்சலுக்கு ஒப்பரேசன் செய்கிற மாதிரி. ஸ்கானரோடு ஏற்றத்தில் ஓட்டி, கொம்பியூட்டர் கேட்ட அழுத்தத்தையும் உண்மையில் வந்த அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

எங்கட வீடுகளில் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார்க் கதைகள் இருக்கும். அவை பழைய பெற்றோல் கார்கள். பிழையைக் கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யலாம். இன்றைய டீசல் பம்புக்கு அந்த விளையாட்டுச் சரிவராது. ஓடுகிற டீசல்தான் அதற்கு மசகும். 2020 முதல் 2025 வரை கார், வான் இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களோடுதான் நாங்கள் சீவிக்கிறோம். 2022இல் கானிலும் பரலிலும் சேமித்த டீசலோடு அழுக்கும் தண்ணியும் எத்தனை டாங்கிகளுக்குள் போயிருக்கும்? ஒரு பிழையான ஊகம் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

அதனால் அடுத்தமுறை இழுவை போகும்போது ஒரு தாளில் எழுதுவோம்: ஏற்றமா சமதரையா, டாங்கியில் எவ்வளவு இருந்தது, என்ன நிறப் புகை, எத்தனை நிமிசத்தில் திரும்ப வந்தது, லைற் பற்றியதா. கராஜில் வாகனம் நல்லாத்தான் ஓடும். அந்த நேரம் எங்களுக்காகப் பேச அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.