நைட்ரைட் இறங்க மாட்டேங்குதா? அப்பா, மகன், ஒரு மீன்தொட்டி

புதுசா மீன்தொட்டி வைக்கிறவங்களில் நிறையப் பேர் இப்பல்லாம் முதல் நாளே மீன் விடறதில்லை. வெறும் தொட்டியில ஃபில்டரை ஓடவிட்டு, மீனோட கழிவுக்குப் பதிலா கொஞ்சம் அம்மோனியாவைச் சொட்டு விட்டு, அதைத் தின்கிற பாக்டீரியா வளர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. இதுக்கு ஃபிஷ்லெஸ் சைக்கிளிங்னு பேர். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாக மாறும், அப்புறம் நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம். மூணாவது அளவோட இருந்தா பரவாயில்லை.

கேட்க ரொம்ப எளிசு. ஆனா பாதிப்பேர் நடுவழியில மாட்டிக்குவாங்க. அம்மோனியா ஜோரா இறங்கிடும். நைட்ரைட் மட்டும் மூணு வாரம், நாலு வாரமானாலும் டெஸ்ட் கிட்டின் கடைசி நிறத்துல அப்படியே நிக்கும். வெறுத்துப் போய்த் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க.

அப்படிக் கவிழ்க்கிறதுக்கு முன்னாடி ஒரு பழைய கதையைக் கேளுங்க. இதே நைட்ரைட்டில் மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா முழிச்ச ஒரு ஆராய்ச்சியாளரோட கதை. அவரோட அப்பாதான் மீன்தொட்டியையே பிரபலமாக்கியவர்களில் ஒருத்தர்ங்கறது இதுல வேடிக்கை.

லண்டன் அப்போதிகரீஸ் ஹாலில் வேதியியலாளரா இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். 1849ல், சுமார் 55 லிட்டர் தண்ணி பிடிக்கும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல ரெண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா செடி, கொஞ்சம் மணல், கல் போட்டு வச்சார். தண்ணியை மாத்தாமலே மீனை உயிரோட வச்சிருக்க முடியுமான்னு பார்க்கிறதுதான் சோதனை. மீன் விடுற கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கும், செடி விடுற ஆக்சிஜனை மீன் எடுத்துக்கும். அழுகின இலைகளால தண்ணி கெட ஆரம்பிச்சதும் நத்தைகளை விட்டார். அழுகலை நத்தை தின்னது, தண்ணி தெளிஞ்சது. 1850ல் இதை லண்டன் கெமிக்கல் சொசைட்டி முன்னாடி வாசித்தார். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்குன்னே தனிக் கட்டடம் திறந்தாங்க. 1854ல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதின புத்தகம் வந்ததும் வீட்டுக்கு வீடு மீன்தொட்டி மோகம் பிடிச்சு ஆட்டிச்சு.

வாரிங்டன் கணக்குல மூணு பேர்தான்: மீன், செடி, நத்தை. கணக்குல விட்டுப்போனது மீன் வெளியேத்துற அம்மோனியா. அவர் தொட்டி தப்பிச்சதுக்குக் காரணம் இப்ப நமக்குத் தெரியும். மீன் ரெண்டே ரெண்டு. செடியே அம்மோனியாவை உறிஞ்சிக்கும். மிச்சத்தை மணல்லயும் கல்லுலயும் ஒட்டியிருந்த, கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஆள் பாத்துக்கிட்டார்.

அந்த நாலாவது ஆளைத் துரத்தினவர்தான் மகன். அவர் பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். பிறந்தது 1838. அப்பா தொட்டி வைக்கும்போது பையனுக்குப் பத்து, பதினோரு வயசு இருக்கும். அப்பாவின் ஆய்வகத்திலேயே வேதியியல் கத்துக்கிட்டு, 1876ல் ராதாம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு இருந்த கேள்வி மீன் இல்லை, உரம். வயல்ல போடுற அம்மோனியா உப்பு எப்படி நைட்ரேட்டா மாறுது?

பதிலின் முதல் பாதி 1877ல் பாரிஸிலிருந்து வந்தது. ஷ்லோசிங், முன்ட்ஸ் என்று இரண்டு பேர். ஒரு மீட்டர் நீளக் குழாயில மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, மேலேயிருந்து சாக்கடைத் தண்ணியைச் சொட்டச் சொட்ட விட்டாங்க. முதல் 20 நாள் ஒண்ணுமே நடக்கலை. அப்புறம் கீழே வந்த தண்ணியில நைட்ரேட் தெரிய ஆரம்பிச்சது. வெறும் வேதிவினையா இருந்தா முதல் நாளே நடந்திருக்கணுமே? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்திப் பார்த்தாங்க, வேலை நின்னு போச்சு. குளோரோஃபார்மை நிறுத்தின பிறகும் தானாத் தொடங்கலை. கொஞ்சம் மண்ணைக் கரைச்ச தண்ணியை ஊத்தினதும் மறுபடி தொடங்கிடுச்சு. ஆக, இதைச் செய்யறது உயிருள்ள ஏதோ ஒண்ணு. நீங்க சமையலறை மூலையில் வச்சிருக்கிற தொட்டியும் இந்தக் குழாயும் ஒண்ணுதான். அந்த 20 நாள் உள்பட.

மகன் வாரிங்டன் உடனே இதை ராதாம்ஸ்டட்டில் செய்து பார்த்து, சரிதான்னு உறுதிப்படுத்தினார். அதுக்கப்புறம்தான் மாட்டிக்கிட்டார். சின்னப் புட்டிகளில் அம்மோனியாக் கரைசல் வச்சு, துளி மண் போட்டா, சில புட்டிகளில் நைட்ரேட் வரும். சிலதில் நைட்ரைட்டோட நின்னுடும். எத்தனை நாள் காத்திருந்தாலும் நகராது. அதே கரைசல், அதே அறை, வேற வேற முடிவு.

1879, 1884, 1891னு கட்டுரை கட்டுரையா எழுதிக்கிட்டே போனார். கடைசியில் ரெண்டு வகைப் புட்டி அவர் கையில் இருந்தது. ஒண்ணு அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுக்கு மேல போகாது. இன்னொண்ணு நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், அம்மோனியாவைத் தொடவே தொடாது. அதாவது வேலை ஒண்ணு, ஆள் ரெண்டு. முதல் ஆள் வந்துட்டதால ரெண்டாவது ஆளும் வந்துட்டாருன்னு அர்த்தம் இல்லை.

ஆனா அந்த ரெண்டு உயிரையும் தனித்தனியாப் பிரிச்சுக் காட்ட அவரால முடியலை. அந்தக் காலத்து வழக்கப்படி ஜெலட்டின்ல வளர்த்துப் பார்த்தார், வளரலை. ஏன்னு 1890ல் ஸூரிக்கில் இருந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி சொன்னார். இவை ஜெலட்டின் மாதிரி சத்துணவைத் தின்று வளர்கிற ஜாதி இல்லை. அம்மோனியாவையோ நைட்ரைட்டையோ எரிச்சுச் சக்தி எடுத்து, கரியமில வாயுவிலிருந்து உடம்பைக் கட்டிக்கிற ஜாதி. சாப்பாடே இல்லாத சிலிகா ஜெல்லில் வளர்த்துக் காட்டினார். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற பெயர்கள் அவர் வச்சவை.

இதுலேயே தாமதத்துக்கும் காரணம் இருக்கு. ஈ.கோலை பாக்டீரியா நல்ல சாப்பாடு கிடைச்சா 20 நிமிஷத்துல ரெண்டாகும். இவங்க ரெண்டாக, நல்ல சூழலிலேயே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலகூட ஆகும். கஞ்சிக்கே வழியில்லாத குடும்பம், மெதுவாத்தானே பெருகும்?

அதுக்கப்புறம் நூறு வருஷம் மீன்தொட்டிப் புத்தகங்கள் எல்லாம் நைட்ரோபாக்டரையே ரெண்டாவது ஆளாகச் சொல்லிக்கிட்டிருந்தன. 1996லும் 1998லும் டிமத்தி ஹோவானெக் குழுவினர் தொட்டிகளின் டிஎன்ஏவைத் தேடினப்போ, நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரோபாக்டரைக் காணோம். அந்த வேலையைச் செய்தது நைட்ரோஸ்பைரா வகை. முதல் ஆள் விஷயத்திலும் திருப்பம் வந்தது. 2005ல் சியாட்டில் மீன்காட்சியகத்தின் கடல்தொட்டியிலிருந்து, பாக்டீரியாவே இல்லாத ஆர்க்கியா ஒண்ணு அம்மோனியாவைத் தின்பதைப் பிரிச்சு எடுத்தாங்க. 2015ல் இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைராவையும் கண்டுபிடிச்சாங்க. அதைக் கண்ட ரெண்டு குழுவில் ஒண்ணுக்கு அது கிடைச்சது மீன் வளர்ப்புத் தண்ணியைச் சுத்தம் செய்கிற ஃபில்டரில்! ஆனா உங்க தொட்டியில நைட்ரைட் குவியுதுன்னா, அங்கே முதல் வேலை முந்திக்கிட்டுப் போகுது, ரெண்டாவது பின்தங்கி நிக்குதுன்னுதான் பொருள்.

சரி, நின்னு போன தொட்டிக்கு வருவோம். கதையில் வந்த ஒவ்வொண்ணையும் சரிபாருங்க.

முதல்ல, நிஜமாவே நின்னிருக்கான்னு பாருங்க. 1 பிபிஎம் அம்மோனியா சுமார் 2.7 பிபிஎம் நைட்ரைட் ஆகும். 4 பிபிஎம் அம்மோனியா விட்டா கிட்டத்தட்ட 11. பல கிட்டுகளில் கடைசி நிறமே 5 பிபிஎம்தான். உள்ளே 40 இருந்து 20க்கு இறங்கினாலும் கிட்டுல அதே கத்திரிப்பூ நிறம். ஒரு பங்கு தொட்டித் தண்ணியோட ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து சோதிச்சு, வர்றதைப் பத்தால பெருக்குங்க.

ரெண்டாவது, பாரிஸ் குழாயில் இருந்த சுண்ணாம்புக்கல். இந்த வேலை நடக்கும்போது அமிலம் உண்டாகும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் சுண்ணாம்பு செலவு. 4 பிபிஎம் அம்மோனியா ஒவ்வொரு தடவை விடும்போதும் 20 பிபிஎம்முக்கு மேல காலி. ஆர்.ஓ. தண்ணி ஊத்தினவங்க தொட்டியில கையிருப்பே இருக்காது. பிஹெச் 6.5க்குக் கீழே போனா வேலை மந்தமாகும், 6ஐ நெருங்கினா ஏறக்குறைய நின்னுடும். கொஞ்சம் சமையல் சோடா, இல்லேன்னா ஃபில்டரில் ஒரு பை சிப்பித்தூள் போதும்.

மூணாவது, அம்மோனியாவைக் கொட்டாதீங்க. 1976ல் கழிவுநீர் ஆய்வாளர்கள் கண்டது இது: தனித்த அம்மோனியா 0.1 முதல் 1 பிபிஎம் இருந்தாலே ரெண்டாவது ஆள் முடங்கிடுவார். முதல் ஆள் அதைப்போல பல மடங்கு தாங்குவார். பிஹெச் 8, 28 டிகிரியில் கிட் காட்டுற 4 பிபிஎம்மில் சுமார் 0.26 தனித்த அம்மோனியாதான். நைட்ரைட் ஏறின பிறகு அளவைப் பாதியாக்குங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் விடுங்க.

நாலாவது, பாதித் தண்ணியைத் தைரியமா மாத்துங்க. பாக்டீரியா குடியிருப்பது ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான், தண்ணியில இல்லை. புதுத் தண்ணியில் ஆன்டி-குளோரின் மட்டும் மறக்க வேண்டாம். குளோரோஃபார்ம் செஞ்ச வேலையைக் குளோரினும் செய்யும்.

அஞ்சாவது, பாரிஸ்காரர்கள் ஊத்தின மண் தண்ணி. நோயில்லாத பழைய தொட்டி வச்சிருக்கிற நண்பர்கிட்ட கைப்பிடி ஃபில்டர் பஞ்சு வாங்கி உள்ளே போடுங்க. ரெண்டு ஆளும் சேர்ந்தே வருவாங்க.

முன்னெல்லாம் இந்தச் சோதனைக்குக் கிட் கிடையாது. ரெண்டு மீனை விட்டுப் பாருங்க, பிழைச்சா தொட்டி ரெடின்னு சொல்லிக் கொடுப்பாங்க. மகன் வாரிங்டனின் புட்டிகளில் நைட்ரைட் எத்தனை வருஷம் நின்னாலும் எந்த உயிரும் போகலை. உங்க தொட்டியிலும் இப்ப மீன் இல்லை. இன்னும் பத்து நாள் நின்னாதான் என்ன?